செல்வராசுவின் வெள்ளை ஷூ

தஞ்சாவூர் கடையொன்றில் பேத்தி ஒரு ஷூவை என் மடியில் வைத்தாள். "தாத்தா, டெய்லி காலேஜுக்குப் போட நல்லாருக்குமா, பாத்துச் சொல்லுங்க." வெள்ளைத் துணி, கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் உயரம், தட்டையான ரப்பர் அடி. பழைய மாடல்தான் இப்போது ஓடுகிறதாம். அடியை வளைத்துப் பார்த்தேன், நன்றாக வளைந்தது. குதிகால் பக்கம் மட்டும் மெத்தை போதாது. நடக்கலாம், பஸ்ஸுக்கு ஓடக்கூடாது. இப்படி நிபுணன் மாதிரி சொல்லிக்கொண்டே முகர்ந்தும் பார்த்துவிட்டேன். அந்தப் புது ரப்பர் வாசனை வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சிரிக்காதீர்கள், எழுபது வயதிலும் எரியும்.

பாபநாசம் பக்கம் நில அளவைக்குச் சங்கிலி பிடிக்கிற வேலையில் நானும் செல்வராசுவும் ஒன்றாகச் சேர்ந்தோம். இருவர் வீட்டிலும் பண்ணை வேலைதான். அவனுக்கு மட்டும் சிங்கப்பூரில் ஒரு மச்சான் இருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்தது இதே மாதிரி ஒரு வெள்ளை ஷூ. வரப்பில் அவன் முன்னால் போவான், தேய்ந்த செருப்போடு நான் பின்னால். அவன் வழுக்கிச் சேற்றில் விழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். விழவே மாட்டான்.

ஒருநாள் அவன் பம்ப்செட்டில் குளிக்கும்போது அவன் ஷூவுக்குள் காலை நுழைத்துப் பார்த்தேன். என் கால் பெரிது. விடாமல் அழுத்தியதில் ஷூவின் பின்பக்கம் மடங்கிவிட்டது.

"யாருடா இதை மிதிச்சது?"

"நாய் கவ்வியிருக்கும்."

என் காலைப் பார்த்தான். மடங்கின இடத்தை விரலால் நிமிர்த்திவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டான். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்சி மாறி, மிராசுதாரர்களிடம் சட்ட உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலங்களை எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்க அளக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஒருநாள் என் ஊரிலேயே அளக்க வேண்டியிருந்தது. மிராசுதாரர் தெருவைத் தாண்டித்தான் வயலுக்குப் போக முடியும். சர்வேயர் சைக்கிளில் முன்னே போய்விட்டார். தெருமுனையில் மிராசுதாரரின் காரியஸ்தர் எங்களை மறித்தார்.

"மாரிமுத்து மவன்தானே நீ? கால்ல இருக்கறத கழட்டிட்டு நடங்கடா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் செருப்பு கக்கத்துக்குப் போய்விட்டது. செல்வராசு குனிந்தான். கழற்றத்தான் போகிறான் என்று, உண்மையைச் சொல்கிறேன், மனசுக்குள் குளிர்ந்துபோனேன். அவன் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"சர்க்கார் அளக்கச் சொல்லியிருக்குங்க. வழி விடுங்க."

காரியஸ்தர் வாய் திறப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான். தெரு நடுவில், அவசரமில்லாமல். பின்னாலேயே நான் வெறுங்காலோடு போனேன்.

தெருவின் மறுமுனையில் எங்கள் சனம் கூடி நின்றிருந்தது. அப்பாவும் இருந்தார். என் கக்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவனிடம் போய், "வாங்க தம்பி" என்றார். அப்பா எங்கள் ஆட்களில் யாரையும் "வாங்க" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நிலத்தை அளந்துதான் திரும்பினோம். பின்னால் அதில் ஒரு துண்டு அப்பா பெயருக்கே வந்தது. சாகும்வரை அதை அவர் "செல்வராசு அளந்த வயல்" என்றே சொன்னார். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்.

செல்வராசு மச்சானோடு சிங்கப்பூர் போனான். பிறகு தகவல் இல்லை. மிராசுதாரர் வீடு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. காரியஸ்தரும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று என்னைப் பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. நான் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்த ரப்பர் வாசனை விடவில்லை.