பெயர் கேட்கக் கூச்சப்பட்டேன்

இன்று மத்தியானம் நடந்ததை நினைத்தால் வீட்டுக்குப் போகவே தோன்றவில்லை. இரண்டு ரயிலை விட்டுவிட்டு வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நர்சிங் படிப்பின் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். மருந்து கொடுக்க முன்னர் பெயரையும் பிறந்த திகதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு பெயர் அச்சிட்ட கைப்பட்டியைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் இதற்கு முழு மார்க்ஸ் எடுத்தவள் நான்.

இன்று பயிற்சிக்குப் போன வார்டில் நம்மூர் அங்கிள் ஒருவர், அப்பாவின் வயது. அவரிடம் போய் "உங்கட பேர் என்ன?" என்று எப்படிக் கேட்பது?

இன்சுலின் ஊசியோடு போய், "யோகநாதன் அங்கிள்தானே?" என்றேன்.

"ஓம் பிள்ளை, ஓம்." சிரித்தபடி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

என்னை மேற்பார்வை செய்த நர்ஸ் சட்டென்று அவருடைய கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

சண்முகநாதன். நீரிழிவே இல்லாதவர். யோகநாதன் பக்கத்துக் கட்டிலில் நல்ல நித்திரை.

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"ஏன் அங்கிள் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"பிள்ளை இவ்வளவு அன்பா வந்து கேக்கேக்க, இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை."

என் மரியாதையும் அவருடைய மரியாதையும் சேர்ந்து அந்த மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கின்றன.

நாளை அந்தக் கட்டிலில் என் சொந்த அப்பாவே படுத்திருந்தாலும் பெயரும் பிறந்த திகதியும் கேட்பேன். அது சரி, எதைக் கேட்டாலும் ஓம் சொல்கிறவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர்?