கதவு திறக்க மட்டும்

அக்கா,

வேலை இடத்தில் உனக்கு ஒரு பெயர், அப்பா கூப்பிட ஒரு செல்லப் பெயர். நான் கூப்பிட்டது இந்த ஒன்றைத்தான். இப்போது கூப்பிட்டாலும் “என்னாடி இப்ப?” என்று எரிந்து விழுவாய். ஒன்றுமில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் அக்கா ஈப்போவில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டாள். பேராக் மாநிலத்தில் இருக்கும் சின்னச் சின்ன கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகள் அந்தக் கம்பெனியின் மாடி அறையில்தான் இருந்தன. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போன வாரம் என்ன ஊசி போட்டார்கள், எல்லாம் அதில். அது நின்றால் டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டியதுதான். அதனால் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தாள். ஒரு சர்வர் வேலை செய்யும். பக்கத்தில் இருப்பது, முதலாவதில் பதிவதையெல்லாம் அந்த நொடியே தானும் பதிந்துகொண்டு சும்மா நிற்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியாது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த பிறகு கடை கடையாக வேலை பார்த்தேன். எங்கும் நிலைக்கவில்லை. அக்காதான் பாஸிடம் சொல்லி என்னை உள்ளே சேர்த்தாள். கேபிள் இழுக்க வேண்டும், ஏர்கோன் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், சாவியை வைத்திருக்க வேண்டும். சர்வர் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது என்று. முதலில் அக்கா நம்பர். இரண்டாவது பாஸ். மூன்றாவது என் நம்பர், அதற்குப் பக்கத்தில் அக்கா கையெழுத்தில் ‘கதவு திறக்க மட்டும்’.

தினமும் அந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

வீட்டில் இன்னும் மோசம். சாப்பிடும்போது அக்கா போன் அடித்தால் அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். அம்மா கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். என் போன் அடித்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார்.

“எம் போனும் போன்தான்பா” என்றேன் ஒருநாள்.

“உனக்கு யாரு கூப்புடப் போறா? டாப் அப் முடிஞ்சி போச்சின்னு மெசேஜ் வரும்லா” என்றார். அக்காவும் சிரித்தாள். அன்று அவள் தட்டில் இருந்த மீன் துண்டைப் பார்த்தால்கூட எனக்கு எரிந்தது. என்னுடையதைவிடப் பெரிய துண்டு.

சர்வருக்கு ஆயுத பூஜை செய்கிற வழக்கம் என்னால் வந்தது. மலேசியாவில் அன்று லீவு இல்லை. ஆனால் அப்பா அன்று லோரியை எடுக்க மாட்டார். கழுவி, பொட்டு வைத்து, ஓய்வு கொடுப்பார். நான் அக்காவிடம் கேட்டேன், “எல்லா சாமானும் ரெஸ்ட் எடுக்குது. உன் சர்வருக்கு மட்டும் ஓயாத வேலையா? பாவம்லா.”

முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். ரெண்டு இருக்கே, ஒன்று வேலை செய்யட்டும், ஒன்று ஓய்வெடுக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அந்த வருஷமே செய்தோம். சும்மா நிற்கும் சர்வரை அணைத்து, அரை மணி நேரம் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். தண்ணீர் தெளிக்கக் கூடாது. சாம்பிராணி போட்டால் புகை அலாரம் கத்தும். பொட்டைக்கூட ஒரு ஸ்டிக்கரில் வைத்துத்தான் ஒட்டினோம். பிறகு அதை எழுப்பி, வேலையை அதனிடம் மாற்றிவிட்டு, இன்னொன்றுக்கும் அதேபோல. அன்று எந்தக் கிளினிக்கிலிருந்தும் ஒரு போன் வரவில்லை.

பாஸுக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். “பாத்தீங்களா, கஸ்டமருக்குத் தெரியாம மெசினுக்கு லீவு குடுத்துருக்கா இந்தப் பொண்ணு. மூளைனா இதுலா!”

அக்கா என் பக்கம் திரும்புவாள், தங்கச்சி சொன்னது என்று சொல்வாள் என்று பொரித் தட்டோடு நின்றேன். அவள் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மறந்திருப்பாள். அவளுக்கு மறந்துபோகும் அளவு சின்ன விஷயம் அது. எனக்குச் சொந்தம் என்று இருந்த ஒரே யோசனை அதுதான்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு டெங்கி. பிளேட்லெட் இறங்குகிறது என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்தே எனக்குச் சொன்னாள், “இந்தத் தடவ பூஜை வேணாம். பூ மட்டும் வெச்சிரு. நான் வந்தப்புறம் செஞ்சிக்கலாம்.”

சரி என்றேன். மனதில் வேறு ஓடியது. அவள் விரல் கீபோர்டில் போகும் வழியைப் பார்த்துப் பார்த்தே பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பின்னால் நின்றவளுக்கு ஒன்றுமே தெரியாதா? அவள் இல்லாமல் நடந்தது என்று பாஸ் ஒருமுறை சொல்லட்டும். எனக்கு அது போதும்.

காலையில் பூஜையை ஆரம்பித்தேன். சும்மா நிற்பதை அணைத்தேன், பொட்டு வைத்தேன், அரை மணி கழித்து எழுப்பினேன். எழுந்தது. பச்சை விளக்கு வந்தது. மாற்றுகிற பட்டனை அழுத்தினால் கேள்வி மேல் கேள்வி கேட்டது. முதலாவதை அணைத்தால் இது தானாக எடுத்துக்கொள்ளுமே என்று அதை அணைத்துவிட்டேன்.

எல்லாம் சிவப்பு.

அந்த அரை மணியில் கிளினிக்குகளில் பதிந்ததெல்லாம் முதலாவதில் மட்டும்தான் இருந்தது. தூங்கி எழுந்த இரண்டாவது அதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் நான் அவசரப்பட்டுவிட்டேன். ‘எனக்கு முழுசாகத் தெரியாது, நான் திறக்க மாட்டேன்’ என்று அது வேலையை எடுக்க மறுத்துவிட்டது. ஆயுத பூஜையில் அக்கா ஒவ்வொரு தடவையும் நடுவில் மைலோ கலக்கிக் குடிக்கப் போவாள். சோம்பல் என்று நினைத்திருந்தேன். அது முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

திரையில் ஒரு வழி தெரிந்தது. வற்புறுத்தித் திறக்கலாம். அதை அழுத்தப்போன நேரம் என் போன் அடித்தது. அக்கா. கிளினிக்குகளிடம் கொடுத்திருந்த முதல் நம்பரும் அவளுடையதுதானே, அவளைத்தான் அழைத்திருக்கின்றன.

“என்னா செஞ்சே?”

சொன்னேன்.

“ஃபோர்ஸ் பண்ணிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“கையை எடு. கையை எடுடி! இப்ப அத வலுக்கட்டாயமா தொறந்தா, காலைல வந்த பேஷண்ட் எல்லாம் காணாம போயிடும்லா. அணைச்ச பாரு, அத திரும்ப எழுப்பு. அது வரட்டும். வந்து வேலைய எடுக்கட்டும். மத்தத தொடாத.”

எழுப்பினேன். அவள் குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. பக்கத்தில் நர்ஸ் போனை வைக்கச் சொல்வது கேட்டது. “தோ வைக்கிறேன் சிஸ்டர், தங்கச்சி தனியா இருக்கா” என்றாள். பச்சை வரும்வரை வைக்கவில்லை.

பாஸ் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அதற்குள் அவரிடமும் பேசிவிட்டிருந்தாள். “அக்கா சொல்லித்தான் செஞ்சியாமே. படுத்துக்கிட்டு என்னாத்துக்கு இந்த வேலை அவளுக்கு? சரி, விடு தங்கச்சி, ஒன் மேல தப்பில்ல” என்றார்.

நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல பெயரையும் அவளே எடுத்துக்கொண்டாள், இப்போது என் தப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் போனபோது அவளுக்குச் சுயநினைவு இல்லை. அதற்கும் மறுநாள் போய்விட்டாள்.

அந்தப் போனால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, நோய் அப்படி என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் பாஸ் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். “புது லிஸ்ட் எழுதும்மா. மொதல்ல ஒன் நம்பர போடு. வேற யாருக்கு அது குணம் தெரியும்?” எழுதினேன். முதல் வரியில் என் நம்பரை எழுதியபோது உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அக்கா போய்ப் பதினேழு நாள். வந்தது. மறைத்து என்ன பயன்?

இப்போதும் ஒன்று கெட்டால் பாஸ் வாய் தவறிச் சொல்வார், “அவ இருந்தா அஞ்சு நிமிஷம்லா.” எனக்கு ஒரு மணி ஆகும். இப்போதும் எரிகிறது. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜை செய்தேன். சும்மா நிற்பதை அணைத்து, பொட்டு வைத்து, எழுப்பிவிட்டு மைலோ கலக்கினேன். குடித்து முடித்து, குவளையைக் கழுவி வைத்து, அது முழுசும் எழுதி முடித்தது என்று திரையில் வந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். ஒரு கிளினிக்குக்கும் தெரியவில்லை. பாராட்ட வந்த பாஸிடம், இது முதலில் நான் சொன்ன யோசனை என்று சொல்ல வாய் வரை வந்தது. பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் சாப்பிடும்போது என் போன் அடித்தது. கிளினிக். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு, பழக்கத்தில், அக்கா உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். அம்மா கரண்டியை மெதுவாக வைத்தாள். இத்தனை வருஷம் நான் கேட்டது இதைத்தான். எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. கோயிலுக்குப் போனாலும் சரி, சர்ச், மசூதி போனாலும் சரி, வீட்டில் விளக்கேற்றினாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன் அடிக்காத இடத்தில் நல்லா தூங்கட்டும். என்னையும் சேர்த்து வேண்ட வேண்டாம். அவளுக்கு மட்டும். இதில் நான் பங்கு கேட்க மாட்டேன்.