அக்காவின் குரலை அழித்தவருக்கும் காத்தவர்களுக்கும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். எப்படி எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார். "பொறந்தது, படிச்சது, நல்ல கொணம், கடைசில நன்றி. அழகா முடிச்சிடு. அந்த ரெக்கோடிங் வேலையெல்லாம் எழுத வேணாம்" என்றார். அந்த வேலையை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எழுத என்ன மிச்சம் இருக்கிறது? அச்சகத்துக்குப் போய்வரும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் ஒரு பக்கம் சில பக்கங்களாகிவிட்டது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனும்தான்.

அக்கா பிறந்தது கெலிஓயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவுக்குக் கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை கிடைத்ததும் கெலிஓயா டவுனுக்குக் குடிவந்தோம். அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அக்கா உயர்தரம் வரை படித்தார். பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. அப்பா காலமானதும் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி எடுக்கவும் டைப் அடிக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். வந்த வரன்கள் எதுவும் கூடிவரவில்லை. அதற்கும் பழி அக்காவின் தலையிலேயே விழுந்தது. பழி சொன்னவர்கள் இன்று முன் வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அக்காவின் வாழ்க்கை திரும்பியது அம்மாவின் ஒப்பரேஷன் நாளில். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எதைக் கேட்டாலும் "ஓவ்" என்று தலையாட்டுவார். ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை என்பது அவருடைய எண்ணம். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் இப்படித்தான் தலையாட்டுகிறோம். அன்று காலையில் நேர்ஸ் வந்து, சாப்பிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, "ஓவ் மிஸ்" என்றிருக்கிறார். ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த திகதி வரும்வரை அம்மா வலியில் சுருண்டு கிடந்தார். "வாயத் தொறந்து இல்லனு சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று அண்ணன் அம்மாவிடம் கத்தினார். அக்கா கத்தவில்லை. கடை விட்டு வந்ததும், அங்கே பேசிப் பழகிய சிங்களத்தைக் கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

அப்படி வந்ததுதான் அந்தச் சின்னப் புத்தகம். கைப்பைக்குள் அடங்கும் அளவு. தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே அதே பேச்சு சிங்களத்தில், ஆனால் தமிழ் எழுத்தில். முதல் பக்கத்தில் வணக்கம் இல்லை, நலமா என்ற விசாரிப்பும் இல்லை. "மட்ட தேருனே நே", எனக்கு விளங்கவில்லை என்ற ஒரு வரி மட்டும்தான். "மொதல்ல இதச் சொல்லப் பழகணும். பொறகு ஓவ் சொல்லிக்கலாம்" என்பார் அக்கா. பழைய போட்டோக் கொப்பி மெஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தார். அக்கா அச்சடிப்பார், நான் மடிப்பேன், அம்மா ஸ்டேப்ளர் அடிப்பார்.

அக்குறணையில் புத்தகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான் அதை முதலில் விற்க எடுத்தார். கொஞ்ச நாளில் அவரே அக்காவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, பொஸ்தகம் நல்லாத்தான் ஈக்கி. ஆனா ஆளுக்கொரு மாதிரி வாசிக்கிறாங்க. அங்க போய்ச் சொன்னா சிங்கள ஆக்களுக்கு வெளங்குதில்ல. ஒங்கட கொரல்ல ஒரு சீடி போட்டுத் தாங்களே" என்றார்.

ஸ்டூடியோவுக்குப் போக எங்களுக்கு வழியில்லை. அக்கா அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டு, ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். மழை வந்தால் நிறுத்துவார். ரயில் போகும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். வியர்த்து வழிந்து வெளியே வந்து, "எப்படிடி இருக்கு?" என்று என்னைக் கேட்பார். சீடிக்குப் பிறகு, பாடம் கேட்பவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு வந்தது. அதற்குப் பிறகு யூடியூப். வீடியோவில் அக்காவின் முகம் வராது. அட்டையைத் திருப்பும் கை மட்டும் தெரியும், குரல் கேட்கும். வீட்டிலிருந்தே செய்த அந்த வேலையில்தான் அம்மாவுக்கு மருந்தும் எனக்குப் படிப்பும் கிடைத்தன.

புத்தகமாக இருந்தவரை அண்ணனுக்குப் பிரச்சினை இல்லை. குரல் வெளியே போனதுதான் பிடிக்கவில்லை. "பொம்பளக் கொரல் பஸ்ல, பூட்டிக் கடைல, கண்டவன் போன்லயெல்லாம் ஓடுது. என்னைய கேக்குறாங்க. ஆம்பள ஒருத்தன வச்சிப் பேசு" என்றார். அப்போது அக்கா கர்ப்பிணிப் பெண்களுக்கான பாடத்தைச் செய்துகொண்டிருந்தார். எத்தனை மாதம், வலி எங்கே, இரத்தம் படுகிறது என்பதையெல்லாம் கூச்சப்படாமல் எப்படிச் சொல்வது என்ற பாடம் அது.

"அண்ணே, ரத்தம் படுதுனு சொல்லிக் குடுக்க ஆம்பளயவா வைக்கச் சொல்றீங்க?"

"அதத்தான் போடாதங்கறேன். மானம் போகுது."

"சொல்லாம விட்டா உசிரு போகும்ணே. பரவாயில்லயா?"

அண்ணன் எழுந்து போனார். கல்யாணமாகித் தனியே இருந்தவர், பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது அண்ணி அந்தப் பாடத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கிளினிக் போய் வந்தார் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும். அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. வார்ட்டில் படுத்திருந்தபோதும் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் பதிவு செய்தார். ஒரு சிங்கள நேர்ஸ், வேலை முடிந்த பிறகும் நின்று, அக்காவின் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். கடைசிப் பதிவுகளில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். அதை வெட்டிவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்டி. நோயாளி அப்படித்தானே பேசுவா" என்றார். அதுவே அக்கா என்னிடம் வேலையைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு.

இனி எழுதுவதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். கருமாதிக்கு முன்னால், எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்று சொல்லி அண்ணன் அக்காவின் போனை வாங்கிப்போனார். நான் நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது போனில் ஒன்றும் இல்லை. யூடியூப்பில் இருந்த பாடங்களும் இல்லை. போன் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் கருமாதிச் சமையலில் இருந்தபோது, பதிவுகள் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் அழித்து வைத்திருந்தார். "செத்தவ கொரல் கேட்டுக்கிட்டே இருந்தா ஆத்மா எப்படிப் போகும்? ஐயரும் ஒண்ணும் மறுத்துச் சொல்லல" என்றார்.

அக்கா அலுமாரிக்குள் வியர்த்து வியர்த்துச் சேர்த்த உழைப்பு ஒரு பிற்பகலில் போய்விட்டது. நான் கோயிலுக்கே போய்க் கேட்டேன். ஐயர் தயங்கினார். "அப்படி எந்தச் சாஸ்திரமும் இல்லம்மா. ஒங்க அண்ணன் கேட்டாரு, நான் பேசாம இருந்துட்டேன்" என்றார். அண்ணன் கோயில் சபையில் இருப்பவர். ஐயர் பேசாமல் இருந்ததன் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மன்னிக்க முடியவில்லை. அக்கா உயிரோடு இருந்தபோது அடக்க முடியாத வாயை, அக்கா போன பிறகு சாமி பெயரைச் சொல்லி அடைத்திருக்கிறார் அண்ணன். இதில் ஆத்மாவும் இல்லை, சாஸ்திரமும் இல்லை.

என் போனில் வாட்ஸ்அப் குழு மட்டும் இருந்தது, பழைய பாடங்கள் இல்லை. அக்காவின் குரல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டேன். அன்று மாலையிலிருந்தே வரத் தொடங்கின. கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பெண்கள் அனுப்பினார்கள். த்ரீவீல் ஓட்டுபவர்கள் அனுப்பினார்கள். தோட்டத்துப் பெண் ஒருவர் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டுக் குரல் பதிவில் சொன்னார்: "போன் மாத்தினப்ப மொதல்ல அக்கா பாடத்தத்தான் மாத்திக்கிட்டேன். என் புள்ள பொறந்தது அதாலதான். அத யாராச்சும் அழிப்பாங்களா?" அழிப்பார்களம்மா. எங்கள் வீட்டில் அழித்தார்கள்.

எல்லாம் கிடைக்கவில்லை. வார்ட்டில் பதிந்தவற்றில் பாதி வரவே இல்லை. அவை போனது போனதுதான். கிடைத்தவற்றை அண்ணியும் நானும் ஒழுங்குபடுத்தி, புதிதாக ஒரு யூடியூப் பக்கம் திறந்து ஏற்றியிருக்கிறோம். கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். தன்னிடமிருந்த சீடிகளை எல்லாம் பஸ்ஸில் ஏறித் தானே கொண்டுவந்து தந்த அக்குறணை நானாவுக்கு நன்றி. உச்சரிப்பைத் திருத்திய நேர்ஸ் அம்மாவுக்கு நன்றி. அக்காவின் குரலைத் தங்கள் போன்களில் பொத்தி வைத்திருந்த, நாம் முகம் பார்த்திராத அத்தனை பேருக்கும் தலைதாழ்ந்த நன்றி. கருமாதியையும் இன்றைய திதியையும் குறைவில்லாமல் நடத்தும் அண்ணனுக்கும் நன்றி. செய்ததற்கு அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை.

இன்று பந்தி நடக்கும்போது மண்டபத்து ஒலிபெருக்கியில் அக்கா பேசுவார். கர்ப்பிணிகளின் பாடத்தை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். கேட்கக் கூசுகிறவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து போகலாம். அக்கா பேசி முடிக்கும்வரை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

தங்கை
கெலிஓயா