ஒரே ஒரு தடவை பார்க்கப்பட்ட வீடியோ

பதினொரு வீடியோக்களை நான் அழித்தேன். கை தவறி அல்ல. யோசித்து, நிரல் எழுதி, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக அழித்தேன்.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்காகத் தமிழில் எடுத்த சிறு வீடியோக்களை இணையத்தில் வைத்துப் பராமரிப்பது என் வேலை. கடையில் சாமான் வாங்கும் சிங்களம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளினிக்கில் டொக்டர் பேசும் சிங்களம் வேறு. அதனால் ஒரு மருத்துவமாது தமிழில் விளக்குவார், நான் படம் பிடிப்பேன். அவரை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்ததைச் சுருக்குவது, கிளவுடில் ஏற்றுவது, தலைப்புப் போடுவது எல்லாவற்றையும் பைத்தனில் நான் எழுதிய நிரல்கள் செய்யும். ஒவ்வொன்றாகக் கையால் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது.

ஒரு நாள் கிளவுடில் எங்களுக்கு இருந்த இடம் நிரம்பி, புதிய வீடியோ ஏறாமல் போனது. மூன்று மாதத்தில் பத்துத் தடவைக்குக் குறைவாகப் பார்க்கப்பட்டவற்றை அழிக்கும்படி ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ‘நிச்சயமா?’ என்று கேட்கும் வரியையும் தொல்லை என்று எடுத்துவிட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை.

நாலாம் நாள் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள், எட்டாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனதால் இந்தத் தடவை ஒவ்வொரு நாளையும் பயந்து பயந்து கடத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த ஆபத்து அறிகுறி வீடியோ தொறக்க மாட்டேங்குதுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் காட்டணும்னு பாத்தேன்.”

“அத யாரும் பாக்கிறதில்லயே தங்கச்சி. ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கு.”

“ஒரு தடவதாங்க. நல்ல போனு என்கிட்ட மட்டுந்தானே இருக்கு. பால எடை போட்டுக் குடுத்துட்டு வந்து லயமே சேந்து ஒக்காந்து பாத்துச்சு. பதினாலு பேருங்க.”

நானும் லயத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுக் காம்பரா டிவியை வாசல்வரை நெருக்கியடித்துக்கொண்டு பார்த்து வளர்ந்தவள். அப்படிப்பட்ட எனக்கே இது தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. “சிக்னல் கோளாறா இருக்கும், பாக்கிறேன்” என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

அழித்ததை மீட்க அந்தச் சேவையில் வழியே இல்லை. ஏற்றி முடிந்ததும் மடிக்கணினியில் உள்ள மூலப் பிரதியை நீக்கும்படி எழுதி வைத்த புண்ணியவதியும் நான்தான். மிஸ்ஸியோ இரத்தினபுரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் எட்டாம் மாதம் எனக்காக நிற்காது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவிசாவளை போய், அங்கிருந்து இரத்தினபுரி பஸ் பிடித்தேன்.

மிஸ்ஸிக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். “பதினொன்னையுமா அழிச்சீங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே கமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம். இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது என்றார். அன்றைக்கு அந்த ஒன்றுதான் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸிலேயே கணினியை மடியில் வைத்து, வீடியோவைச் சுருக்கி ஏற்றத் தொடங்கினேன். குருவிட்டைக்குப் பிறகு சிக்னல் போய்ப் பாதியில் நின்றது. நான் விடவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிரலை மாற்றி மறுபடி ஓட்டினேன். அவிசாவளையில் இறங்கும்போது வீடியோ ஏறியிருந்தது.

மாலையில் லயத்துக்கு நேரிலேயே போய், அவளுடைய கணவரை உட்கார வைத்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் அவளுக்குத் தலைவலி வந்தது, கண் மங்கியது. படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்றாளாம். கணவர் கேட்கவில்லை. த்ரீவீலரை வரவழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிரஷர் எகிறியிருந்தது. அன்றே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

வார்டுக்கு வெளியே அவளுடைய கணவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“அந்த வீடியோவ அழிச்சதே நாந்தாண்ணே. சிக்னல் கோளாறுன்னு சொன்னது பொய்யி. யாரும் பாக்கலன்னு நெனச்சு நாந்தான் அழிச்சேன்.”

திட்டட்டும் என்று நின்றேன்.

“கொறமாசப் புள்ளைக்கு எப்பிடி பால் குடுக்கிறதுன்னு ஒன்னு இருந்துச்சாமே,” என்றார். “அதையும் அழிச்சிட்டீங்களா?”

அதையும் அழித்திருந்தேன். மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே மிஸ்ஸியின் கிளினிக் வாசலில் போய் நின்றேன்.