கைம்பெண் கையில் அணைந்த பச்சை

நல்லேப்பிள்ளி பால் சொசைட்டியில் பால் சோதிப்பது நர்மதாவின் வேலை. சென்ற ஆண்டு அங்கே ஒரு சிறு பெட்டி வந்தது. பாலில் நனைத்த தாளை அதற்குள் வைத்தால், நீல விளக்கின் கீழ் தாள் பச்சையாக ஒளிரும். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் பாலில் இருந்தால் பச்சை அணைந்துவிடும். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போகாது. அதை நாம் குடிக்கக் குடிக்க, உடம்பிலுள்ள கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு நோய் வரும்போது மருந்து கேட்காது.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? ஆனால் வெளிச்சம் அணைந்தால் நம் ஆட்களுக்கு அது சகுனம்.

நர்மதாவின் கணவன் லாரி விபத்தில் இறந்தவன். இந்தச் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள்.

ஒரு நாள் காலை, சொசைட்டித் தலைவர் சென்னியப்பனின் பாலில் பச்சை அணைந்தது. அவர் வீட்டு ஜெர்சி மாட்டுக்கு மடிநோய். ஊசி போட்டது ஊருக்கே தெரியும்.

"இந்தப் பால் கேன்ல சேரக் கூடாதுங்க. ஊசி நிறுத்தி, பச்சை வந்தப்புறம் கொண்டாங்க."

சென்னியப்பன் வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "தாலியறுத்தவ கையில வெளக்கு நிக்குமா? ஏப்பா, நீங்களே சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மருந்துப் பாலைக் கொண்டுவந்தவன் குற்றவாளி இல்லையாம், கண்டுபிடித்தவள்தான் குற்றவாளியாம்!

ஒற்றை மாடு வைத்திருக்கும் முத்தாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க, எம்பாலுக்கு அதே கையில பச்சை நின்னுச்சுங்களே? உங்க ஊட்டு மாடு மட்டும் சகுனம் பாக்குதுங்களா?"

சிரிப்பு திரும்பி அவர்மேல் விழுந்தது. நர்மதா புதுத் தாளை நீட்டினாள். "நீங்களே முக்கிப் பாருங்க."

அவர் வாங்கவில்லை. பாலைத் தூக்கிக்கொண்டு போனவர் மறுநாள் கமிட்டியைக் கூட்டினார். பெட்டியை இனி ஒரு சுமங்கலி தொடட்டும், நர்மதா கேன் கழுவட்டும் என்று முடிவு. படித்தவர்களும் இருந்த கமிட்டிதான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கமிட்டியில் இருந்த தனபாலின் மனைவி மோனிஷாவைப் பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. சென்னியப்பனின் பாலில் அவள் கையிலும் பச்சை அணைந்தது.

"பொட்டி ரிப்பேரு. பாலை ஊத்துங்கடா," என்றார் சென்னியப்பன்.

ஈரக்கையோடு ஓடிவந்த நர்மதா கேனை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஊத்தறதுன்னா எந்தலையில ஊத்துங்க."

அன்று அந்தப் பால் கேனில் சேரவில்லை. அடுத்த நாள் நர்மதாவுக்கு வேலை இல்லை. பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சென்னியப்பனின் பால் இப்போது நேராகக் கேனுக்குப் போகிறது. அங்கிருந்து நம் பிள்ளைகளின் தம்ளருக்கு.