வவுனியா போய்வந்த கதவு

காலை ஆறரைக்கு ஸ்கந்தபுரத்திலிருந்து லொறி வெளிக்கிட்டது. முன்னால் லொறிச் சாரதி ரவூப் நானாவும் நானும். பின்னால் என் தங்கச்சி மதியின் வீடு. வீட்டுச் சாமான் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் முன்கதவு, இரண்டு யன்னல், குசினிக் கூரைத் தகரம், கிணற்றுக் கப்பி எல்லாம் ஏறியிருந்தபடியால் வீடு என்று எழுதுவதுதான் சரி.

மதியின் புருஷன் மெல்பேர்ணில் இருக்கிறார். கனகாலம் இழுபட்டு இப்போதுதான் இவளுக்கு விசா கிடைத்தது. வருகிற கிழமை பிளேன். அதற்கு முன்னம் சாமான் கப்பலுக்குப் போகவேண்டும். சாமான் அனுப்பும் கொம்பனி ஒன்றின் களஞ்சியம் வவுனியாவில் இருக்கிறது. அங்கிருந்து மாதத்துக்கு ஒரு தரம்தான் கொழும்புக்குப் பெரிய லொறி போகும். அது இன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு. பாஸ்போர்ட் அலுவலாக மதி முதல் நாளே வவுனியாவுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"அண்ணா, எது விடுபட்டாலும் தையல் மெஷின் விடுபடக் கூடாது. அங்க எனக்குப் பாஷை தெரியாது. தைக்கத்தான் தெரியும்."

மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பிவிட்டாள். அவளிலும் பிழையில்லை. நாலாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடம் கைவிட்டது. ஆனால் சாமான் கட்டுவதில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்த படிப்பு அது. அந்த நாட்களில் கதவை விட்டுவிட்டுப் போகிறவனை ஊர் விசரன் என்று சொல்லும். போன இடத்தில் நாலு தடி நட்டு, தகரத்தைப் போட்டு, கதவையும் மாட்டினால் வீடு முடிந்தது. ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. இறங்கியவுடன் தேவைப்படுவது மேலே: பானை, அரிசி, தறப்பாள், பங்கர் வெட்ட மண்வெட்டி. ஆறுதலாகத் தேவைப்படுவது அடியில். கை பழகின வேலை, மூளையைக் கேட்காமலே செய்து முடித்துவிட்டது. என் மூளையை எவரும் கேட்பதில்லை, கை மட்டும் ஏன் கேட்கப்போகிறது. தையல் மெஷின் எங்கே என்றால், ஓடுகிற நேரம் யார் சட்டை தைப்பது? அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில்.

அக்கராயன் கடந்து முறிகண்டியில் ஏ9 வீதிக்கு ஏறினோம். முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் இல்லை. ரவூப் நானாவும் ஓரமாக நிறுத்தினார்.

"நீங்க பிள்ளையாரக் கும்பிட்டுட்டு வாங்க தம்பி. எனக்குக் கச்சான்."

வறுத்த கச்சான் கடலை விற்கிற அம்மா பையை நீட்டினபடியே லொறியை அண்ணாந்து பார்த்தா. நீட்டின கை அப்படியே நின்றது.

"எங்கயப்பு இடம்பெயருறியள்? ரேடியோவில ஒண்டும் சொல்லேல்லையே."

"அவுஸ்திரேலியாவுக்கு அம்மா."

"கதவோடயோ?"

"அங்க சரியான குளிராம்."

அவா சிரிக்கவில்லை. நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ காதுக்குள் சொன்னா. நாங்கள் வெளிக்கிடும்போது நாலைந்து பேர் எங்கள் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊருக்குள் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மாங்குளம் தாண்டியது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் வழுவழுவென்று தார் போட்ட காப்பெற் வீதி. குண்டும் கிடங்கும் இல்லாததால் பின்னால் பானைகளின் சத்தம்கூட இல்லை. ரவூப் நானா முல்லைத்தீவில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் ஊரைவிட்டு வெளியேற்றிய முஸ்லிம் சனங்களில் ஒருவர். திரும்பி வந்து லொறி ஓடுகிறார்.

"நீங்க கெட்டிக்காரர் தம்பி. ஒரு வீட்ட முழுசாக் கட்டி ஏத்திட்டீங்க."

"பழக்கம் நானா."

"எங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்கல்ல. ஒண்டும் எடுக்க விடல்ல. கையை வீசிக்கொண்டு போனம்."

அதைச் சொல்லிவிட்டு கச்சான் கோதை ஊதி வெளியே விட்டார். என் பங்குக் கச்சானையும் அவருடைய பையில் கொட்டினேன். கனகராயன்குளம் வரை அவர் அதைக் கொறித்துக்கொண்டு வந்தார்.

ஒன்பதரைக்கு வவுனியா. களஞ்சியத்தில் சாமான் பார்க்கிற தம்பி லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அண்ணை, வீடு மாறுறியளோ, நாடு மாறுறியளோ?"

ஓட்டோவில் வந்திறங்கிய மதிக்குக் கண் நேரே மேலே போனது.

"அண்ணா, அது எங்கட கதவோ?"

"ஓம்."

"அப்ப வீட்டில?"

"வீட்டில கதவு எதுக்கு? உள்ளதான் ஒண்டுமில்லையே."

"உனக்கு விசரோ? ஒரு அலுமாரி அளவு இடத்துக்குத்தான் அவர் காசு கட்டினவர்."

அந்தத் தம்பி மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அதில் ஸ்கந்தபுரத்துச் செம்மண் அரை இஞ்சிக்கு ஒட்டியிருந்தது. அவுஸ்திரேலியாக்காரன் மண்ணையும் பூச்சியையும் கண்டால் முழுப் பெட்டியையும் மறித்துவிடுவான் என்று சொன்னான். பாம்பைப் பிடித்தவன் போல மண்வெட்டியை எட்டப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

மெஷினை எடுக்க முழு வீட்டையும் இறக்க வேண்டியிருந்தது. அரிசி, பானை, தகரம், யன்னல், கதவு. ஏற்றுவதில்தான் நான் கெட்டிக்காரன். இறக்குவதில் ரவூப் நானா பாதி, மதி பாதி. நான் கட்டளை. மத்தியானம் கழிந்துதான் மெஷின் வெளிச்சம் கண்டது. கீழே இரும்புச் சட்டம், மேலே பலகை, பலகையில் தலை. தம்பி குனிந்து பலகையில் விரலால் தட்டினான். அரிசிமா போல ஏதோ கொட்டியது.

"மரம் உளுத்துக் கிடக்கு அக்கா. உள்ள பூச்சி. இது ஏறாது."

"மருந்து அடிச்சா?"

"அதுக்குக் கொழும்பில குடுத்து எடுக்க வேணும். இண்டைக்கு ஏலாது. அடுத்த மாதம் பாப்பம்."

அடுத்த மாதம் மதி இங்கே இல்லை. மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

நானும் குந்தியிருந்தேன். சட்டைப் பையில் ஏதோ நெஞ்சைக் குத்தியது. எடுத்துப் பார்த்தால், கதவை நிலையோடு பிடித்திருந்த பிணைச்சலைக் கழற்றிய ஸ்க்ரூ டிரைவர்.

"தம்பி, பூச்சி இரும்பு தின்னுமோ?"

"தின்னாது அண்ணை."

"அப்ப பலகை மட்டும்தானே குற்றவாளி?"

அவன் யோசித்தான். பிறகு தலையாட்டினான். தலையைக் கழற்றினேன், சட்டத்தைக் கழற்றினேன். வீட்டையே கழற்றினவனுக்கு மெஷின் பெரிய காரியமா? மதி பைப்படியில் குந்தி, பல் பிரஷால் மிதிகட்டையின் ஒவ்வொரு ஓட்டையிலும் மண் கிளறினாள். புழுதியும் கிறீசும் சேர்ந்து கல்லாய் இறுகியிருந்தது. தம்பி டோர்ச் அடித்துப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்றான். திரும்பக் கழுவினாள். மூன்றாம் தரம் பார்த்து, "சரி, ஏத்துங்கோ" என்றான். பெரிய லொறி ஸ்டார்ட்டில் நின்றது.

"பலகை?" என்றேன்.

"அங்க பலகை இருக்கும்" என்றாள் மதி.

மெஷினும், நாலு சட்டியும், உடுப்புப் பெட்டி ஒன்றும் கொழும்புக்குப் போயின. மிச்சம் முழுவதும் திரும்ப எங்கள் லொறியில் ஏறியது. அப்போதுதான் மதி கைப்பைக்குள் இருந்து வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்பை எடுத்தாள்.

"இது இனி உன்னட்ட இருக்கட்டும்."

ரவூப் நானா லொறிக்கு மேலே கிடந்த கதவைக் காட்டினார். "பூட்டிட்டே குடுங்க தங்கச்சி. போற வழியில கள்ளன் வந்தாலும்."

மதி சிரித்தாள். சிரித்த சத்தம் முடிந்த பிறகும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வரும் வழியில் இதைத்தான் யோசித்தேன். அந்த நாட்களில் ஓடும்போது எவரும் திறப்பை இன்னொருவரிடம் கொடுத்ததில்லை. வீடு எரிந்து போனாலும் திறப்பு இடுப்பில்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம், திரும்பி வருவதற்காக. இவள் ஒரு பெட்டியோடு போகிறாள்.

முறிகண்டியில் அந்தக் கச்சான் அம்மா எங்களைக் கண்டு எழும்பி நின்றா.

"என்னப்பு, திருப்பி விட்டிட்டாங்களோ?"

"கதவை மட்டும்."

பொழுதுபடும் நேரம் ஸ்கந்தபுரம். கதவில்லாத வீட்டின் நடு அறையில் பக்கத்து வீட்டு ஆடு படுத்திருந்தது. அதை எழுப்பி விட்டு, கதவை மாட்டினேன். கடைசி ஸ்க்ரூ ஆணியை முறுக்கின பிறகுதான் தெரிந்தது, பிணைச்சலை மாறிப் போட்டுவிட்டேன். கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கிறது. திறப்பைப் போட்டுப் பார்த்தேன், பூட்டுகிறது. அப்படியே விட்டுவிட்டேன். வீட்டைவிட்டுப் போகிறவர் லேசாகத் தள்ளினால் போதும். திரும்பி வருகிறவர்தான் ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும்.