மூன்றாவது கல்படி

திருநின்றவூர் ஏரி மதகுக்குக் கீழே எங்களுக்கு நிலம் இருந்தது. ஊரில் ஒரு கட்டுப்பாடு. ஏரிக்குள் இறங்கும் கல்படிகளில் கீழிருந்து மூன்றாவது படி முழுகும்வரை யாரும் விதைநெல்லை ஊறப்போடக் கூடாது. ஊறி முளைவிட்ட நெல்லைத் திரும்பக் குதிரில் கொட்ட முடியாது, நாற்றங்காலில் தெளித்தே ஆக வேண்டும். அப்புறம் தண்ணீர் இல்லையென்றால் அடுத்த வருஷச் சோறும் போச்சு.

அப்போது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. ஏரியும் இரண்டு வருஷமாக நிறையவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு வேளை கேழ்வரகுக் கூழ்தான். குதிரில் மிச்சமிருந்தது விதை மட்டும். குதிர் இருந்த அறையின் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். சிக்கனக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். அதில் ஒரு திமிரும் உண்டு.

எங்களுக்கு வருஷா வருஷம் நாற்று நடுபவள் ஒருநாள் காலையில் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். இடுப்பில் அவள் பெண். மூன்று வயசு. ஒரு வயசு என்றால் நம்பலாம்.

“அம்மா, ஒரு மொறம் நெல்லு குடும்மா. வெறும் கீரைய வேவவெச்சிக் குடுத்தா கொயந்த வாந்தியெடுக்குது. நடவு வந்தா எனக்குக் கூலியே வாணாம்.”

“இருக்கிறது வெதடி. அதுல கை வெச்சா நாளைக்கு இன்னாத்த நடுவ?”

விதை என்றதும் அவள் சரியென்று தலையாட்டினாள். ஒரு சொம்பு நீர்த்த கூழை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரிய தர்மம் பண்ணியதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஊரு படிய பாத்துகினு கெடக்கட்டும். நாம முந்திக்கலாம்” என்று வீட்டுக்காரரை நச்சரித்தேன்.

“மொத படியே இன்னும் முயுவல” என்றார். நான் விடவில்லை. அவர் பாவம், என் வாய்க்குப் பயந்தவர்.

அத்தனை விதையையும் ஊறப்போட்டோம். சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, கல் பாரம் வைத்தது நான்தான். வெள்ளை வெளேரென்று முளை வந்தது. தெளித்தோம். மழை நின்றது. நின்றது நின்றதுதான். மற்றவர்கள் விதை குதிரில் பத்திரமாக இருந்தது. நாங்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். கிணறும் சேறு கண்டது.

அந்தக் கிணற்றடியில்தான் கேள்விப்பட்டேன், அவள் பெண் செத்துப்போனதை. நான் போகவில்லை. அவர்கள் பக்கம் எங்கள் வீட்டுப் பெண்கள் போகும் வழக்கமில்லை என்று ஒரு சாக்கு கிடைத்தது. வழக்கமாவது மண்ணாவது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

நாற்று கருகிய பிறகு ஒரு காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்குப் புல் அறுக்க அவள் வந்தாள், என்னைப் பார்த்து நின்றாள். கீழே குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வேர் பொடியாக உதிர்ந்தது.

“ஐயோ, வெத பூடிச்சேம்மா! அத்தினியும் பூடிச்சே!” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் பெண் செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி நான் அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.